திரையில் தெரிந்த கால்

ஜூன் 2, திங்கள்

புழுக்கம். இலை அசையவில்லை. மணலிப் பக்கத்து ஆலை வாடை விடிந்ததிலிருந்து.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வெறும் வயிற்றில் 236. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 310.

இந்த எண்களை எழுதத்தான் இந்த நோட்டு. நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் புது கேட் ரிஜிஸ்டர் வந்துவிட்டது. பழையதில் பாதி காலி, கேட்டு வாங்கி வந்தேன். எண்களை மட்டும் எழுதி மூடிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

வீட்டுக்காரருக்கு இடது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே வெட்டு. சனிக்கிழமை காசிமேட்டில் படகின் அடியைச் சுரண்டும்போது சிப்பி கிழித்திருக்கிறது. பதினாலாந்தேதி வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் லாஞ்சுப் படகு எல்லாம் கரையில். படகோட்டும் டிரைவர் சும்மா இருக்கலாம், இவருக்கு இருப்புக் கொள்ளாது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து வேறு யாரோ சொல்லித்தான் இவருக்கே தெரிந்திருக்கிறது.

“வலிச்சாத்தானேமே தெரியும்” என்கிறார். அது ஏதோ பெருமை மாதிரி.

இரண்டு நாளாகக் கடலில் இறங்கி அலசிவிட்டு வந்திருக்கிறார். எங்கள் குப்பத்தில் எல்லாரும் செய்வதுதான். என் அப்பாவும் முள் குத்தினால் கடலில்தான் போய் நிற்பார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டார். அவர் அண்ணன் தேசிங்கு மாமா, இதே சர்க்கரை, விரலில் புண் என்று போனவர், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வந்தார். அதிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. எனக்கும் யார்டில் லீவு இல்லை. கூட வேலை செய்யும் மும்தாஜ் அக்காதான் போனிலேயே டாக்டரைப் பார்க்கும் ஆப் பற்றிச் சொன்னார். தண்டையார்பேட்டையிலிருந்து அவர் மாமியாருக்கு பிரஷர் மாத்திரை எல்லாம் இதில்தானாம். “வூட்லயே குந்திகினு பாத்துக்கலாம்டி, க்யூ கீ ஒண்ணும் கிடையாது.”

இரவு எட்டு மணிக்கு டோக்கன். நான் வந்த ஏழு மணியிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. இவரைக் குளிக்க வைத்தேன். வெள்ளைச் சட்டை. பவுடர். நாற்காலியை டியூப்லைட்டுக்குக் கீழே போட்டேன். பின்னால் கொடியில் கிடந்த துணியை எல்லாம் வாரி உள்ளே போட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட இப்படிச் செய்திருக்கமாட்டோம்.

டாக்டரம்மா சின்ன வயது. கண்ணாடி. பின்னால் நீலச் சுவர். “பார்க்க நல்லாத்தான் இருக்கீங்க” என்று ஆரம்பித்தார். பவுடர் வேலை செய்துவிட்டது.

போனை நான் பிடித்தேன். காலைக் காட்டினோம். “வலி இருக்கா?” என்றார். “சுத்தமா இல்ல மேடம்.” அவர் முகம் மாறியது. வலி இல்லாததுதான் கவலையாக இருக்கிறது, நேரில் போய்க் காட்டிவிடுவது நல்லது என்றார்.

“நாலு நாள் மாத்திரை சாப்பிட்டுப் பாக்கலாமா மேடம்?” என்று கேட்டது நான். அவரில்லை. நான்.

யோசித்தார். மாத்திரை எழுதினார். காலில் ஈரம் படக்கூடாது, நடக்கக்கூடாது, சர்க்கரையை எழுதி வையுங்கள், வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்கலாம். அதற்குள் வாடை வந்தால், கறுத்தால், காய்ச்சல் வந்தால், என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

மூன்றையும் காலண்டரில் எழுதி மாட்டினேன். வாடை. கறுப்பு. காய்ச்சல்.

இவரிடம் ஒன்று சொல்லிவிட்டேன். “டாக்டரம்மா சரின்னு சொன்னாதான் பதினஞ்சாந்தேதி போட்ல ஏறணும். இல்லன்னா வுடமாட்டேன்.”

“சொல்வாங்க, சொல்வாங்க.”

ஜூன் 3, செவ்வாய்

காலை 221.

கேஸ் புக் பண்ணியாயிற்று. தண்ணீர் லாரி வரவில்லை.

யார்டில் ஒரு டிரெய்லர் டிரைவரோடு சண்டை. காலிப் பெட்டி உள்ளே வருவதற்கு முன் படம் அனுப்ப வேண்டும். நாலு பக்கம், கூரை, உள்பக்கம். ஒவ்வொரு படத்திலும் பெட்டி நம்பர் தெரிய வேண்டும். இவன் வலது பக்கத்தையே இரண்டு தடவை எடுத்து, இரண்டாவதை இடது என்று அனுப்பியிருக்கிறான். ஒரு தடவை பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதே துருக் கறை, அதே கிழிந்த ஸ்டிக்கர். இறங்கிப் போய்ப் பார்த்தால் இடது பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“ஒரே பொட்டிதானேக்கா, எந்தப் பக்கம் பாத்தா இன்னா.”

“நீ காட்டாத பக்கத்துலதான்டா ஓட்டை கீது.”

மு. அக்காவுக்குச் சிரித்து சிரித்து இருமலே வந்துவிட்டது. “உன் கண்ணுக்கு ஒருத்தனும் தப்ப முடியாதுடி கலா.”

பதினொரு வருஷமாக இதே வேலை. தப்ப முடியாதுதான்.

ஜூன் 4, புதன்

காலை 209. மாத்திரை கேட்கிறது போல.

மகள் சிந்து விடுதியிலிருந்து பேசினாள். பரீட்சை நடக்கிறது. அப்பா கால் பற்றிச் சொல்லவில்லை. இவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், இரண்டு பேரும் சொல்லவில்லை.

காலில் போட்டிருக்கும் கட்டை அவரே பிரித்து அவரே கட்டிக்கொள்கிறார். “நீ வேலைக்குப் போற, உனுக்கு எதுக்கு இந்தக் கலீஜெல்லாம்.” சரி என்று விட்டுவிட்டேன். காலையில் ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு. எனக்கும் நல்லதாகத்தான் போயிற்று.

வாங்க வேண்டியவை:
காஸ் துணி, டேப்
சர்க்கரை மெஷினுக்கு ஸ்டிரிப் ஒரு டப்பா
கோதுமை மாவு
துணி சோப்பு
சாம்பிராணி (இவர் கேட்டார்)

ஜூன் 6, வெள்ளி

மேகம். மழை இல்லை. எண்ணூர் ரோட்டில் லாரி நகரவில்லை, கேட்டுக்கு முப்பது வண்டி ஒரேயடியாக.

காலை 170. அவரே பார்த்து போனில் சொன்னார்.

பதினொன்றரைக்கு டோக்கன். லீவு இல்லை. ஆப்பில் வீட்டு ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம், லிங்க் அனுப்பினால் போதும். அவர் வீட்டிலிருந்து, டாக்டரம்மா அவர் இடத்திலிருந்து, நான் யார்டில் சாப்பாட்டு அறையிலிருந்து. மூன்று கட்டம்.

வெள்ளைச் சட்டை, பவுடர் எல்லாம் அவரே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு தடவை சத்தம் போயிற்று. டாக்டரம்மா கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். “இப்பதான் மேடம் மருந்து போட்டுக் கட்டினேன்.” சரி, பிரிக்க வேண்டாம், விரல்களையும் மேல்பாதத்தையும் காட்டுங்கள் என்றார். போனைக் கீழே கொண்டுபோய்க் காட்டினார். விரல் ஐந்தும் சுத்தம். வீக்கம் இல்லை. நகம்கூட வெட்டியிருந்தார். கணுக்காலில் அந்தப் பழைய கயிற்றுத் தழும்பு தெரிந்தது. போனில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும், அதனால் குழப்பம்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். மாத்திரையைத் தொடரச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும், அதற்கு மேல் வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம் என்றார்.

மு. அக்காவிடம் சொன்னேன். “அல்லா காப்பாத்தினாரு” என்றார். நாளை பக்ரீத், அவர் வரமாட்டார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் இவரிடம் தோசையா, சப்பாத்தியா என்று கேட்டேன். சப்பாத்தி என்றார். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு இடது காலில்.

சரியாகத்தான் இருக்கிறது. அடி பட்டது இடது கால்தானே.

ஜூன் 7, சனி

கேட்டில் நான் தனியாள். பிரிண்டர் மை தீர்ந்து, கையால் ரசீது எழுதி விரல் வீக்கம்.

காலை 158. அவர் சொன்னது.

மு. அக்கா வீட்டு பிரியாணி மாலையில் வந்தது. இவருக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டார். சர்க்கரை இருக்கும்போது அரிசி வேண்டாம் என்றார். நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பசியே இல்லையோ என்னவோ.

ஜூன் 8, ஞாயிறு

வெயில் காலை எட்டுக்கே சுடுகிறது. வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது, பெல்ட் போல.

வீடு முழுக்க சாம்பிராணிப் புகை. கண் எரிகிறது. வெள்ளிக்கிழமை போடுகிற வீடுதான் இது, இவர் நாலு நாளாகத் தினமும் போடுகிறார். சாயங்காலம் ஒன்று, காலையில் ஒன்று. கேட்டால், “கொசு. போட்டா இன்னா இப்ப?”

தேசிங்கு மாமா வந்தார். இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

“இன்னாடா, பட்டப்பகல்ல சாம்பிராணி?”

“சும்மாதாண்ணே.”

அதற்குமேல் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தடைக்காலம், டீசல், யார் எந்தப் படகில் ஏறுகிறார்கள் என்று கொஞ்ச நேரம். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவன் காலைப் பாத்தியா நீ?”

“டாக்டரம்மா பாத்தாங்க மாமா. நல்லா கீதுன்னாங்க.”

“நீ பாத்தியான்னு கேட்டேன்.”

குக்கர் சத்தம் வந்தது. உள்ளே வந்துவிட்டேன். உண்மையாகவே சத்தம் வந்தது.

ஜூன் 9, திங்கள்

காலை 140 என்றார். நம்ப முடியவில்லை, சர்க்கரை வந்ததிலிருந்து இவ்வளவு குறைந்ததில்லை.

படகு ஓனர் போன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், அதனால் கேட்டது.

“ஏழுமல, ஐஸ் சொல்லிட்டேன், ஆளுங்களும் ரெடி. நீ வர்றியா இல்லியா, இப்பவே சொல்லிடு. கால்ல இன்னாமோ கட்டிகினு கீறியாமே.”

“சிப்பி கிழிச்சதுப்பா. ஆறிடுச்சி. டாக்டரே சொல்லிட்டாங்க.”

“மொத ட்ரிப்புக்கு ஆள மாத்தினா அப்பால வருஷம் பூரா அவன்தான். அத்தயும் சொல்லிட்டேன்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், “டாக்டரே சொல்லிட்டாங்கல்ல” என்றார் மறுபடியும். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இருபது வருஷமாக டிரைவர். கூலிக்கு வலை இழுத்து, ஐஸ் உடைத்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர். எக்கோ மெஷின் பார்க்காமல் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் சொல்வார் என்று மற்ற படகுக்காரர்கள் பேசுவார்கள். அந்த நாற்காலி போய்விட்டால் இவர் என்ன ஆவார்.

ஜூன் 10, செவ்வாய்

அனல் காற்று. அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தேன்.

இந்த வெயிலில் இவர் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நெற்றியில் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டார். “புழுக்கமே. ஒண்ணுமில்ல.” புழுக்கத்துக்கு யாராவது போர்த்துவார்களா.

இன்று காலை 132 என்று சொல்லியிருந்தார். ஸ்டிரிப் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். புது டப்பா, ஐம்பது இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை நானே திறந்து ஒன்று எடுத்தேன். நாற்பத்தொன்பது இருந்தது.

170, 158, 140, 132. எல்லாம் வாயால் சொன்ன எண்கள். சும்மா சொல்லியிருக்கிறார், நான் சும்மா எழுதியிருக்கிறேன்.

கேட்கவில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஏன் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று.

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து வேலை ஓடவில்லை. பெட்டி நம்பரை மூன்று தடவை தப்பாக அடித்தேன். மு. அக்கா, “இன்னாடி, மூஞ்சே சரியில்ல” என்றார். தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா மீன் கழுவிக்கொண்டே சொன்னார். “உன் வூட்டுக்காரு கல்லாண்ட குந்திகினு கீறாரு. தெனமும் நீ போனதும் போயிடறாரே, தெரியாதா உனுக்கு?”

தெரியாது.

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் கடைசியில், சட்டை இல்லாமல், லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கால் தண்ணீரில். தண்ணீர் அங்கே என்ன நிறம் என்று எல்லாருக்கும் தெரியும். சாம்பல், எண்ணெய், பிளாஸ்டிக்.

“இன்னாமே, இந்நேரத்துல?”

“காலைத் தூக்கு.”

“ஒண்ணுமில்ல, நீ போ.”

“தூக்குய்யா காலை.”

தூக்கினார்.

எழுத வேண்டும். கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுப்பு. பாதம் வீங்கித் தோல் பளபளத்தது. உள்ளங்காலில் குழி. அந்தக் கடற்காற்றிலும் வாடை வந்தது. சாம்பிராணி எதற்கு என்று அப்போது புரிந்தது. இல்லை, முன்பே புரிந்திருந்தது. அப்போது மூக்குக்கும் தெரிந்தது.

“எத்தினி நாளா இப்பிடி?”

“ஒரு வாரம் இருக்கும். உப்புத்தண்ணியில வெச்சா அடங்கிடும்னு பாத்தேன். எத்தினி தபா அடங்கியிருக்கு.” கொஞ்சம் பொறுத்து, “ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா அண்ணன் மாதிரி ஆயிடும்மே. நீ வாணாம்னு சொல்லிடு” என்றார். குரல் நடுங்கியது. காய்ச்சலா, பயமா. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

வாடை, கறுப்பு, காய்ச்சல். மூன்றும் காலண்டரில் தொங்கிக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா நேராக ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் இவர் எழுந்திருக்க வேண்டுமே. என் பேச்சுக்கு எழமாட்டார். அங்கேயே ஆப்பைத் திறந்தேன், அவசரம் என்று அழுத்தினேன். வீட்டுக்குள் எப்போதும் அறுந்துபோகிற சிக்னல், அந்தக் கல்லின் மேல் முழுதாக இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தோம். பவுடர் இல்லை, சட்டை இல்லை, பின்னால் அலை.

டாக்டரம்மா வந்தார். நான் முகத்தைக் காட்டவே இல்லை, போனை நேராகக் காலுக்கு வைத்தேன்.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, “எந்தக் கால் இது?”

“இடது மேடம்.”

“வெள்ளிக்கிழமை நான் பார்த்தது?”

இவர் கடலைப் பார்த்தார். நான் சொன்னேன். “அது நல்ல கால் மேடம். அதுல கட்டு போட்டுக் காட்டிட்டாரு.”

“நீங்களும் லைன்ல இருந்தீங்களே. கவனிக்கலையா?”

“இல்ல மேடம். எனக்குத் தெரியாது.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இவரிடம் நேராகப் பேசினார். “ஐயா, இன்னைக்குப் போனா காலைக் காப்பாத்த வழி இருக்கு. நாளைக்குன்னா அந்த வார்த்தையை என்னால சொல்ல முடியாது.” என்னிடம், நடக்க விடாதீர்கள், ஆட்டோவை அங்கேயே வரச் சொல்லுங்கள் என்றார். ஆட்டோ வருவதற்குள் ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதிய கடிதம் போனுக்கு வந்துவிட்டது.

ஆட்டோ பாறைக்குப் பக்கத்தில் வரமுடியாது. வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேர் வந்து தூக்கினார்கள். இவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

பெரியாஸ்பத்திரி. வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு அம்மா முறுக்கு கொடுத்தார், தின்றேன்.

நேற்று அட்மிஷனில் சர்க்கரை 418. இது மெஷின் சொன்னது.

நாளைக் காலை ஆபரேஷன். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். விரலோடு போகலாம். பாதத்தோடு போகலாம். மேலேயும் போகலாம். கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

சிந்துவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். “ஏம்மா அன்னிக்கே சொல்லல?” நாளை காலை ரயிலில் வருகிறாள்.

ஓனருக்கு நானே போன் பண்ணினேன். நல்ல மனிதர்தான், ஆனால் வேறு டிரைவர் போட்டாயிற்றாம்.

இப்போது ஒன்று எழுத வேண்டும். இந்த நோட்டில் எழுதாவிட்டால் வேறு எங்கேயும் சொல்லமாட்டேன்.

ஆறாந்தேதி எனக்குத் தெரியும்.

கயிற்றுத் தழும்பு வலது கணுக்காலில். ஏழு வருஷத்துக்கு முன் நங்கூரக் கயிறு சுற்றி இழுத்தது, மூன்று மாதம் மஞ்சள் பற்று போட்டவள் நான். போனில் இடது வலம் மாறித் தெரியலாம், தழும்பு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகுமா? அதே துரு, அதே ஸ்டிக்கர் என்று எவனோ ஒருவன் பெட்டியைக் கண்டுபிடித்தவள். சாப்பாட்டு அறையில், கையில் டிபன் டப்பாவோடு, திரையில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். அடுத்த நொடி டாக்டரம்மா “நல்லா இருக்கு” என்றார். யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன். சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டேன்.

சொல்லியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. லீவு. படகு போகும். தேசிங்கு மாமாவின் ஊன்றுகட்டை. இது எல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து நாள்.

நேற்று டாக்டரம்மாவிடமும் தெரியாது என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு விரல். கட்டைவிரலும் அடுத்ததும். பாதம் இருக்கிறது. முழங்கால் இருக்கிறது.

இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும், மீதி விரல்கள் நிறம் மாறாமல் இருந்தால் தப்பித்தோம், மாறினால் மறுபடியும் உள்ளே என்றார் பெரிய டாக்டர். நிற்காமல் நடந்துகொண்டே சொன்னார்.

சிந்து வந்துவிட்டாள். வந்ததும் என்னைத் தள்ளிவிட்டு வேலையெல்லாம் அவளே பார்க்கிறாள்.

இன்றுதான் டாக்டரம்மா மறுபடி பார்க்க வேண்டிய வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்கு ஆப் மணி அடித்தது, நிறுத்த மறந்திருந்தேன். எடுத்தேன். சொன்னேன். “ரெண்டு விரல்தானே, நடப்பார்” என்றார். அப்புறம், “அன்னைக்கு நான் விடாம கட்டைப் பிரிச்சே பார்த்திருக்கணும்” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம், மேடம் எனக்குத் தெரியும் என்று. அந்தப் பொண்ணு அதைத் தன் மேல் போட்டுக்கொண்டு தூங்கப்போகிறது. “பரவால்ல மேடம்” என்றேன். நான் பரவாயில்லை என்று சொல்ல யார்?

ஜூன் 15, ஞாயிறு

மழை. வார்டு ஜன்னலில் சாரல், கட்டிலைத் தள்ளிப் போட்டோம். காலை 188, நர்ஸ் பார்த்தது.

ஏழு மணிக்கு சேகர் வீடியோ கால். இவர் வயதுக்காரர், இவரோடு சேர்ந்தே படகேறியவர். இவர் படகில் நின்றபடி காசிமேட்டைக் காட்டினார். பூசணிக்காய் உடைத்தது, கற்பூரம், ஒவ்வொரு லாஞ்சாக வெளியே போவது. இவர் படகும். “பாரு மாமு, உன் வண்டி போவுது.” ஸ்டியரிங் பக்கம் காட்டாமல் சேகர் போனைத் திருப்பிக்கொண்டே இருந்தார். இவர் புரிந்துகொண்டார். “காட்டு, காட்டு, பரவால்ல” என்றார். யாரோ சின்ன வயது ஆள் உட்கார்ந்திருந்தான்.

துறைமுக வாய் தாண்டியதும் சிக்னல் போயிற்று. கறுத்த திரையை இவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சிந்து டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

“கலா.”

“இன்னா, தண்ணி வேணுமா?”

“அன்னிக்கு அந்தக் கயித்துத் தழும்பு தெரிஞ்சிச்சில்ல உனுக்கு?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

“தெரிஞ்சிச்சி.”

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம்.

“நெனச்சேன். சாக்ஸ் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன் அத்த மறைக்க. அப்பால போடல. டாக்டரம்மாக்கு எந்தக் காலோ, தெரியாது. உனுக்குத் தெரியும்ல. நீ பாத்துட்டுக் கத்துவ, வேலையப் போட்டுட்டு ஓடியாருவ, எல்லாம் பேஜாராயிடும், சரி ஆவட்டும்னு குந்திகினு இருந்தேன். நானா சொல்றதுக்கு தெம்பில்லமே.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சாயங்காலம் நீ வந்து தோசையா சப்பாத்தியான்னு கேட்ட.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

நர்ஸ் தட்டோடு வந்தார். கட்டுப் பிரிக்க வேண்டும், வீட்டு ஆளுங்க வெளியே இருங்க என்றார். போகவில்லை. நான் பார்க்கணும் என்றேன். பார்த்தா தலை சுத்தும்மா என்றார். சுத்தினா சுத்தட்டும் என்றேன்.

நின்று பார்த்தேன். கடைசிச் சுற்று வரை. மூன்று விரல். நடுவிரல் நுனியில் ஏதோ நிழல் மாதிரி இருந்தது. மருந்தா, நிறமா, தெரியவில்லை. நர்ஸ் கவனிக்கவில்லை, அடுத்த கட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

நிறுத்துங்க என்றேன்.